காத்து போற வழி

“ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளையளுக்கு இது என்னத்துக்கு?”

இந்தக் கேள்வியை இந்த வருசம் மூன்று இடத்தில் கேட்டுவிட்டோம். முதல் கராஜில. பிறகு, பொறியியல் பீடத்தில் படிக்கிற எங்கட பழைய வகுப்புத் தோழன் ஒருவனிட்ட. கடைசியா வீட்டில. கேட்ட ஒருவரும் கெட்ட மனதோட கேட்கேல்லை. ஆனால் சாதாரண தரத்தோட விஞ்ஞானப் புத்தகத்தை மூடி வைத்தவர்களுக்கு அதற்குப் பிறகு உலகத்தில் பாதி பூட்டின அறைதான் எண்டு ஒரு நினைப்பு இஞ்ச இருக்குது. நாங்களும் அந்த நினைப்போடதான் வளர்ந்தனாங்கள்.

நாங்கள் எண்டால் நாலு பேர். புவியியல், தமிழ், பொருளியல், மெய்யியல். நாலு பேரும் ஒரே பாட்ச். எங்களில் ஒருத்தியின் அப்பா பள்ளிக்கூட வான் ஓடுகிறவர். அவரை நாங்கள் அங்கிள் எண்டுதான் கூப்பிடுறது. விடிய ஐந்தரைக்கு வான் எடுத்தால் பதினெட்டுப் பிள்ளைகளை நாலு பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வருவார். அந்த வானில்தான் அந்த வீடு ஓடுது. எங்கட சிநேகிதியின் போடிங் காசு, தங்கச்சியின் ரியூசன் காசு எல்லாம் அதில இருந்துதான்.

வானுக்கு வயது போய்விட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருசமும் இருக்கிற வாகனத்தைப் பிடித்து வைத்திருக்கிறதே பிழைப்பு எண்டு ஆனது. பிறகு திறந்தாலும் புதுசு ஒன்றின் விலை அங்கிள் மாதிரி ஆக்களுக்கு எட்டாது. போன வருசக் கடைசியில் அந்த வான் இழுவையை விட்டது. ஏத்தத்தில மூச்சு வாங்குது, கறுப்புப் புகை தள்ளுது, அக்சிலேட்டரை மிதித்தால் எங்கேயோ ‘ஸ்ஸ்’ எண்டு ஒரு சீறல். டீசலும் கூடக் குடிக்குது. வருமான அனுமதிப் பத்திரம் புதுப்பிக்கிற மாதம் கிட்ட வந்துவிட்டது. அதற்கு முதல் புகைச் சோதனை. இந்தப் புகையோடு போனால் சான்றிதழ் கிடைக்காது. பத்திரம் இல்லாட்டி வான் றோட்டில ஏறாது.

கராஜ் அண்ணை கழட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “டர்போ நல்லா இருக்கு. இன்டர்கூலர் வெடிச்சிட்டுது.”

இன்டர்கூலர் எண்டால் என்ன எண்டு எங்களுக்கு அப்பதான் சரியாகத் தெரிய வந்தது. டர்போ எண்டது சுவிஸ்காரர் அல்பிரெட் பூஹி 1905 இல் காப்புரிமை எடுத்த யோசனையிலிருந்து வளர்ந்தது. இயந்திரத்திலிருந்து வீணாக வெளியே போகிற புகையை வைத்தே ஒரு சில்லைச் சுழற்றி, அந்தச் சுழற்சியால் புதுக் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவது. கூடக் காற்று எண்டால் கூட ஒட்சிசன். கூட ஒட்சிசன் எண்டால் டீசல் முழுசா எரியும். ஆனால் காற்றை அமுக்கினால் சூடாகும். சைக்கிளுக்குக் காத்தடிக்கிற பம்பின் அடி சுடுவதைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது புதினம் இல்லை.

எவ்வளவு சூடு எண்டு கணக்குப் பார்த்தோம். வெளியில் 32 பாகை. டர்போ காற்றின் அமுக்கத்தை இரட்டிப்பாக்குது எண்டு வைத்தால், டர்போவின் சொந்த இழப்பையும் சேர்த்து, வெளியே வருகிற காற்று 125 பாகைக்கு மேல் நிற்கும். கொதிக்கிற தண்ணியை விடச் சூடு. சூடான காற்று ஐதானது. அமுக்கினதில் கிடைத்த லாபத்தில் ஒரு பங்கு சூட்டிலேயே போய்விடும். அதைத் திருப்பி எடுக்கத்தான் இன்டர்கூலர். ரேடியேட்டர் மாதிரியே ஒரு சாமான், ஆனால் உள்ளே தண்ணிக்குப் பதிலாகக் காற்று. 125 ஐ 60 க்கு இறக்கினால் அதே அமுக்கத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு காற்று கூட அடங்கும்.

அதில் மூன்று பகுதி இருக்குது. நடுவில் மெல்லிய அலுமினியக் குழாய்கள் வரிசையாக அடுக்கின கோர். இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு தாங்கி. கராஜில் ‘எண்ட் டாங்க்’ எண்டுவார்கள். ஒரு தாங்கி, பைப்பால் வருகிற காற்றை வாங்கி எல்லாக் குழாய்க்கும் பிரித்துக் கொடுக்கும். மற்றது எல்லாவற்றையும் சேர்த்துத் திரும்ப ஒரு பைப்புக்குள் அனுப்பும். அங்கிளின் வானில் இந்தத் தாங்கிகள் பிளாஸ்டிக். வருசக்கணக்காகச் சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டு, ஒன்று விளிம்போடு பிளந்துவிட்டது. அமுக்கின காற்று அதால போய்விடுது. காற்றுக் குறைய, டீசல் முழுசா எரியாமல் புகையாகுது.

அண்ணை மூன்று வழி சொன்னார். புதுசு வாங்கலாம். பழைய வாகனம் உடைக்கிற இடத்தில் கழட்டினது ஒன்று எடுக்கலாம், ஆனால் அதுவும் எப்ப வெடிக்கும் எண்டு சொல்ல ஏலாது. இல்லாட்டி இந்தக் கோரையே வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் அலுமினியத் தகட்டில் தாங்கி செய்து ஆர்கன் வெல்டிங் பிடிக்கலாம். மூன்றாவதுதான் மலிவு. அதிலும் இரண்டு விதம். வெறும் சதுரப் பெட்டி எண்டால் ஒரு விலை. “சரிச்சு வளைச்சுச் செய்யிறதெண்டால் இன்னும் அரை நாள் வேலை, காசு கூட” எண்டார்.

அங்கிள் எங்களைப் பார்த்தார். “கம்பஸில படிக்கிற ஆக்கள், சொல்லுங்கோ. அந்த அரை நாள் காசு குடுக்கிறது பிரயோசனமோ?”

எங்களுக்கு முன்னால் இருந்த கேள்வி இவ்வளவுதான். தாங்கியின் வடிவத்தில் என்ன இருக்குது? பெட்டியும் காத்தைத்தானே பிடிக்கும்?

நாங்கள் தோட்டம் செய்கிற குடும்பங்களில் இருந்து வந்த ஆக்கள். அதனால் இதை முதலில் தண்ணியாகத்தான் யோசித்தோம். கிணத்து மிசினால் இறைக்கிற தண்ணி தொட்டியில் விழுந்து வாய்க்காலால் பாத்திகளுக்குப் போகிறது. எல்லா மடையையும் ஒரே நேரத்தில் திறந்து விட்டால் எல்லாப் பாத்திக்கும் ஒரே அளவு போகாது. இதனால்தான் தண்ணி மாறுவதற்கு மண்வெட்டியோடு ஒரு ஆள் நிற்கிறது. இன்டர்கூலருக்குள் மண்வெட்டியோடு ஒருத்தரும் நிற்கேலாது. அந்த வேலையைத் தாங்கியின் வடிவம்தான் செய்ய வேணும்.

காற்று எவ்வளவு வேகத்தில் வருது எண்டும் கணக்குப் போட்டோம். 2.5 லீற்றர் இயந்திரம், நிமிசத்துக்கு 3500 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒருக்கால் மூச்சு இழுக்கும். சூட்டில் காற்று பருத்திருப்பதையும் சேர்த்தால், 50 மில்லிமீற்றர் பைப்புக்குள் செக்கனுக்கு 40 மீற்றர் வரும். மணிக்கு 140 கிலோமீற்றருக்கு மேல். அங்கிளின் வானே அந்த வேகத்தைக் கண்டிராது! அந்த வேகத்தில் வருகிற காற்றை ஒரு பெட்டிக்குள் விட்டால் அது அமைதியாகப் பரவி நிற்கப் போவதில்லை. நேரே போய் முட்டும்.

இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டோம். ஒரு சப்பாத்துப் பெட்டி. பப்பாசி இலைக்காம்பை ஒரே நீளத்துக்கு வெட்டிப் பன்னிரண்டு குழல். சின்ன வயதில் ஊதி விளையாடின அதே குழல்தான். பெட்டியின் நீளப் பக்கத்தில் வரிசையாகச் செருகி, ஒவ்வொரு குழலின் வாயிலும் மெல்லிய ரிசு நாடா ஒட்டினோம். மற்றப் பக்கத்தில் ஓட்டை போட்டு, ஹெயார் டிரையரைக் குளிர்க் காற்றில் வைத்துப் பிடித்தோம்.

முதலில் ஓட்டை நடுவில். நடுக் குழல் நாலின் நாடா விறைத்து நின்றது. மூலையில் இருந்தவை சும்மா ஆடிக்கொண்டிருந்தன. காற்று நேரே வந்து நேரே போகுது. ஓரத்தில் இருக்கிற குழலுக்குக் கிடைக்கிறது மிச்சம் மீதிதான். உண்மையான இன்டர்கூலரில் இப்படி நடந்தால் நடுக் குழாய்களில் காற்று அளவுக்கு மிஞ்சி ஓடும், ஆறுவதற்கு நேரம் கிடையாது. ஓரக் குழாய்களில் போகிற காற்று நன்றாக ஆறும், ஆனால் அது கொஞ்சம்தான். இரண்டும் கலந்து வருகிற காற்று சூடாகத்தான் இருக்கும். காசு குடுத்து வாங்கின கோரில் பாதி சும்மா கிடக்கும்.

அடுத்து ஓட்டையைப் பெட்டியின் ஒரு தொங்கலுக்கு மாற்றினோம். இப்ப காற்று குழல்களுக்குக் குறுக்கே, பெட்டியின் நீளத்துக்கு ஓடும். வாசலுக்குக் கிட்ட இருக்கிற குழலுக்குத்தான் கூடக் கிடைக்கும் எண்டு ஆரும் சொல்லுவினம். நடந்தது மறுவளம். கிட்ட இருந்த நாடாக்கள் சோர்ந்து நிற்க, தூரத் தொங்கலில் இருந்தவை படபடத்தன.

காரணத்தை 1738 இல் டானியல் பெர்னூலி எழுதின புத்தகத்திலிருந்து தொடங்கலாம். ஓடுகிற பாய்மத்தில் வேகம் கூடின இடத்தில் அமுக்கம் குறையும், வேகம் குறைந்த இடத்தில் அமுக்கம் கூடும். வாசலடியில் காற்று பறந்து போகுது, பக்கத்துக் குழலைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை. போகப் போக ஒவ்வொரு குழலுக்கும் கொஞ்சம் கொஞ்சம் கழன்று, வேகம் விழுந்து, தூரச் சுவரில் முட்டி நிற்குது. நின்ற இடத்தில் அமுக்கம் ஏறுது. அங்க இருக்கிற குழல்களுக்கு அது அடித்துத் தள்ளுது. (நீளமான, ஒடுக்கமான சொட்டுநீர்க் குழாயில் கதை வேறை. அங்க உராய்வு வெல்லும், கடைசிப் பாத்திக்குத் தண்ணி குறையும். தாங்கி கட்டையானது, அகலமானது. இங்க வேகம்தான் வெல்லும்.)

மூன்றாவதாக ஒரு மட்டையைப் பெட்டிக்குள் சரிவாக வைத்தோம். வாசலடியில் இடம் அகலம். போகப் போக ஒடுங்கி, தொங்கலில் ஒரு விரல் அளவு. நாடாக்கள் பன்னிரண்டும் ஒரே மாதிரி இல்லாட்டியும், முந்தியதை விட எவ்வளவோ சமமாக எழும்பின. காற்று கழன்று குறையக் குறைய, போகிற வழியும் ஒடுங்குது. அதனால் வேகம் விழாது. வேகம் விழாட்டி அமுக்கமும் ஒரு பக்கம் குவியாது. அண்ணை சொன்ன ‘சரிச்சு’ எண்டதுக்குள் இவ்வளவும் இருந்தது.

சும்மா ஒரு யோசனையில் குழல்களுக்குள் கொஞ்சம் பஞ்சு அடைத்தும் பார்த்தோம். அப்ப வெறும் பெட்டியிலேயே நாடாக்கள் கிட்டத்தட்டச் சமமாக நின்றன. குழல்களே காற்றுக்குப் பெரிய தடையாக இருந்தால், தாங்கிக்குள் இருக்கிற ஏற்றத்தாழ்வு பெரிசாகத் தெரியாது. எல்லாக் கதவும் இறுக்கமாக இருந்தால் சனம் தானாகப் பிரிந்து நிற்கும். ஆனால் எல்லா நாடாவும் சோர்ந்துதான் நின்றது. அந்தச் சமத்துவத்துக்கு விலை, மொத்தக் காற்றும் குறைந்தது.

இன்னொரு விசயம் வாசல் எங்கே, வெளிவாசல் எங்கே எண்டது. ஒரு மூலையால் விட்டு எதிர்மூலையால் குறுக்கே எடுத்தால், எல்லாக் காற்றும் ஒரே தூரம் போகும், அதுதான் நியாயம் எண்டு தோன்றும். உண்மையில் வேகம் வெல்லுகிற தாங்கியில் இது பாதகம். உள்தாங்கியில் தூரத் தொங்கலில் அமுக்கம் கூட. வெளித்தாங்கியில் வெளிவாசலுக்குக் கிட்டத்தான் காற்று சேர்ந்து வேகமாகி, அமுக்கம் குறையும். எதிர்மூலை அமைப்பில் இந்த இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேருது: ஒரு பக்கத்தில் தள்ளுகிற அமுக்கம் ஆகக் கூட, மற்றப் பக்கத்தில் ஆகக் குறைய. எல்லாக் காற்றும் அங்க இருக்கிற குழாய்களுக்குள்தான் ஓடும். இரண்டு வாசலும் ஒரே மட்டத்தில், மேலே மேலே எண்டு இருந்தால், இரண்டு பக்கத்து ஏற்ற இறக்கமும் ஒன்றையொன்று ஈடு செய்யும். அங்கிளின் வானில் இரண்டு பைப்பும் மேலேதான் வருது.

வடிவம் பற்றின நியாயம் எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் அங்கிள் கேட்டது நியாயத்தை இல்லை, காசை. எங்கட பொருளியல்காரி விடேல்லை. “எவ்வளவு நட்டம் எண்டு சொல்லுங்கோ. எல்லாம் விளங்குது, எண்ணிக்கை எங்க?”

அந்த 40 மீற்றர் வேகத்தில் ஓடுகிற காற்றின் இயக்கத்துக்குள் இருக்கிற அமுக்கம் ஒன்றரைக் கிலோபாஸ்கலுக்குச் சற்றுக் குறைவு. ஒடுங்கின பைப்பிலிருந்து திடீரெண்டு பெட்டிக்குள் விரிந்தால் அதில் நாலில் மூன்று பங்குக்கு மேல் சுழியாகி வீணாகும். இதற்குச் சூத்திரம் 18 ஆம் நூற்றாண்டிலேயே இருக்குது. போர்டா, கார்னோ எண்ட இரண்டு பிரெஞ்சுக்காரரின் பெயரில். வெளியே போகிற பக்கத்தில், தகட்டில் வெறும் ஓட்டை வெட்டிப் பைப்பை ஒட்டினால் அரைப் பங்கு போகும். அதே வாயை நாதஸ்வரத்தின் அணசு மாதிரி விரித்து உருட்டிவிட்டால் பத்தில் ஒரு பங்கும் போகாது. எல்லாம் சேர்த்து, பெட்டியால் வருகிற நட்டம் ஒன்றரைக் கிலோபாஸ்கல் அளவு. டர்போ தள்ளுகிற மேலதிக அமுக்கம் 100 எண்டால் அதில் ஒன்றரை வீதம்.

உண்மையைச் சொன்னால், ஒரு பள்ளிக்கூட வானுக்கு இது பெரிய தொகை இல்லை. மிட்சுபிசி லான்சர் எவலூஷன் மாதிரிக் கார்களில், முன்னால் பெரிய இன்டர்கூலர் வைத்து ஓடுகிற ஆக்கள் தாங்கி வடிவத்துக்கு உயிரை விடுவதற்கு நியாயம் இருக்குது. வேகம் இரட்டித்தால் இந்த நட்டம் நாலு மடங்காகும். சுபாரு இம்பிரெசாவில் இன்டர்கூலர் இயந்திரத்துக்கு மேல் படுத்திருக்கும். இடம் குறுகினது, பைப் வளைந்து வர வேணும், அங்க வடிவம் இன்னும் சிக்கல். ஆனால் காலமை பதினெட்டுப் பிள்ளைகளோட ஊர்ந்து போகிற வானுக்கு வெடிப்பை அடைப்பதுதான் முதல் வேலை.

இதை அப்படியே அங்கிளிட்டச் சொன்னோம். முழு அரை நாள் வேலை தேவையில்லை. சரிவான தாங்கி வேணும், ஏனெண்டால் கோர் முழுதும் வேலை செய்ய வேணும், எங்கட வெயிலில் அதுதான் முக்கியம். வெளிவாசலை உருட்டி விட வேணும், அதற்குப் பெரிய செலவில்லை. மற்ற வளைவு சுழிவு எல்லாம் ரேஸ் ஓடுகிறவர்களுக்கு.

அண்ணை கேட்டுக்கொண்டு நின்றார். சிரித்தார். “நானும் அதைத்தான் தங்கச்சி செய்ய இருந்தனான். பெட்டி அடிச்சுக் குடுத்தால் காசு வரும். ஆனால் பெட்டிக்குள்ள காத்து தேங்கும்.” சாதாரண தரம் முடித்ததும் வேலைக்கு வந்தவர். பெர்னூலியின் பெயர் அவருக்குத் தெரியாது. அவரிட்ட இருந்தது இருபது வருசம் கையால் தொட்டுப் பார்த்த அறிவு. ஓடின இன்டர்கூலரின் எந்த மூலை சுடுது, எந்த மூலை ஆறிக் கிடக்குது எண்டு தடவிப் பார்த்தே காற்று எங்கே போகுது எண்டு கண்டுபிடித்து வைத்திருந்தார்.

தகட்டைக் குறுக்கால வெட்டினார். மடித்தார், பிடித்தார். இரண்டு வாயையும் அடைத்து, உள்ளே மெதுவாகக் காத்தடித்து, தண்ணித் தொட்டிக்குள் அமிழ்த்திப் பார்த்தார். ஒரு மூலையில் சின்னக் குமிழ் வந்தது. திரும்ப எடுத்து அந்த இடத்தை மட்டும் பிடித்தார். இரண்டாம் முறை தண்ணி அசையேல்லை. வான் புகைச் சோதனையில் தேறியது. இதில் வெடிப்பை அடைத்ததன் பங்கு எவ்வளவு, சரிவின் பங்கு எவ்வளவு எண்டு பிரித்துச் சொல்ல ஏலாது; பெட்டித் தாங்கியைப் பூட்டி ஓடிப் பார்க்கேல்லையே. பெரும் பங்கு அடைப்புக்குத்தான் எண்டது எங்கட கணக்கு.

எங்களுக்கு மிச்சமாக நின்றது வேறொன்று. கராஜில் நின்ற அந்த நாட்களில் எங்கட தமிழ்த்துறைக்காரன் ஒரு கொப்பியில் அண்ணையின் வார்த்தைகளை எழுதிக்கொண்டே இருந்தான். ‘காத்து முட்டுது’: ஓடி வந்த காற்று சுவரில் நின்று அமுக்கம் ஏறுகிற இடம். ‘காத்து தேங்குது’: ஓட்டமில்லாமல் சுழன்று கிடக்கிற மூலை. ‘சுவரை விட்டிட்டுது’: தாங்கி அளவுக்கு மிஞ்சிச் சடாரெண்டு விரிந்தால் காற்று ஓரத்தோடு ஒட்டிப் போகாமல் கழன்று போவது. ‘வாயை உருட்டு’: வெளிவாசலின் கூர் விளிம்பை எடுத்து விடு. பாய்மப் பொறியியல் புத்தகத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு அத்தியாயம் இருக்குது. இஞ்ச ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று சொல்லில் ஒரு பெயர் இருக்குது. எங்கட கலைச்சொல் அகராதிகள் இந்தக் கராஜ் வாசலுக்கு வந்ததாகத் தெரியேல்லை.

ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளையளுக்கு இது என்னத்துக்கு எண்டால், இதுக்கும்தான். பொருளியல்காரி எண்ணிக்கை கேட்டிராட்டி அங்கிள் தேவையில்லாத காசு குடுத்திருப்பார், இல்லாட்டி பெட்டியோடு போயிருப்பார். தமிழ்க்காரன் எழுதிராட்டி அந்தச் சொற்கள் காற்றோடு போயிருக்கும். கொப்பியில் இப்போதைக்கு நாற்பத்தொரு சொல். உங்கட ஊர்க் கராஜிலும் ஒருத்தர் இப்படிக் கதைத்துக்கொண்டு இருப்பார். போய்க் கேளுங்கோ, கேட்டதை எழுதி எங்களுக்கு அனுப்புங்கோ. நாற்பத்திரண்டாவது உங்கட இடத்துச் சொல்லாக இருக்கட்டும்.